செடி பின்ன சும்மாவா நிக்கி?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஒம்பது போச்சு" என்றான். பங்குச் சந்தையில் பணத்தைப் போட்டுவிட்டானாக்கும், ஒன்பது லட்சமாக்கும் என்று பதறிப்போனேன். ஒன்பது நியான் டெட்ரா. பதினான்கில் ஒன்பது.

திருவனந்தபுரத்தில் கரமனையிலிருந்து ஸ்ரீகாரியத்துக்கு ஸ்கூட்டரை விட்டேன். நாலாவது மாடி. கூடத்தில் மூன்றடித் தொட்டி, 180 லிட்டர் பிடிக்கும். அடியில் கறுப்பு மண், அதில் கிரிப்டோகோரைன், ஹைக்ரோஃபிலா, பின்வரிசையில் நெடுநெடுவென்று வாலிஸ்னேரியா. ஆறு மாதமாக அவன் வளர்த்தது. நன்றாகவே வளர்த்திருந்தான். தொட்டியிலிருந்து பால்கனிவரை ரப்பர் குழாய் அப்படியே கிடந்தது. முந்தின இரவு 90 லிட்டரை அதன் வழியாக வெளியே விட்டுவிட்டு, குடியிருப்புக்கு அன்று வந்த லாரித் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறான். எதற்கு என்று கேட்டேன். எதற்குப் பல் தேய்க்கிறாய் என்று கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தான்.

"வாரம் அம்பது பெர்சென்ட் மாத்தணும்ல, மாமா?"

மீன் வாங்கிய கடைக்கும் பேசியிருக்கிறான். தண்ணீர் கெட்டிருக்கும், இன்னொரு ஐம்பது மாற்றுங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் விழுந்தவனுக்கு அதே மருந்து இரட்டை வேளை.

இந்த ஐம்பது எங்கிருந்து வந்தது? ஏன் நாற்பது இல்லை, பதினேழு இல்லை? ஏன் வாரத்துக்கு ஒரு தடவை? சனி, ஞாயிறு டெக்னோபார்க்குக்கு விடுமுறை என்பது எனக்குத் தெரியும், வாலிஸ்னேரியாவுக்கும் தெரியுமா? செடித்தொட்டி வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஐம்பது என்பார்கள். எதை வெளியேற்றுவதற்கு என்று அடுத்த கேள்வி கேட்டால் முகம் சுருங்கும். "அழுக்கைத்தான்" என்று பதில் வரும். என்ன அழுக்கு என்று மூன்றாவதாகக் கேட்டால் உறவு முறிந்துவிடும்.

எனக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு தையற்கடை தெரியும். கடைக்காரர் தக்கலைப் பக்கம். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். தையல் மிஷினுக்குப் பக்கத்தில், தெருவெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து ஓர் இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறார். அறுபது லிட்டர் இருக்கும். அடியில் சாதாரண மண், அதற்கு மேல் இரண்டு விரற்கடை ஆற்றுமணல். தொட்டி நிறைய வாலிஸ்னேரியா, பத்துப் பன்னிரண்டு கப்பி, எண்ணிக்கையில் அடங்காத நத்தை. ஃபில்டர் கிடையாது. எனக்குத் தெரிந்து ஆறு வருடமாக அந்தத் தொட்டியில் யாரும் குழாய் போட்டு உறிஞ்சியதில்லை. வற்றினால் ஊற்றுவார், அவ்வளவுதான். நூல் பிசிறும் சாக்குத் தூளும் பறக்கிற அந்தக் கடையில் தண்ணீர் மட்டும் பளிங்காக நிற்கிறது. ஒருமுறை கேட்டேன், தண்ணீரே மாற்றுவதில்லையா அண்ணாச்சி என்று. ஊசியில் நூல் கோத்தபடியே, தலை நிமிராமல் சொன்னார்:

"வெள்ளத்த எதுக்கு மாத்தணும்? செடி பின்ன சும்மாவா நிக்கி?"

தஞ்சாவூர்க்காரர்கள் பயந்துவிட வேண்டாம். குமரி மாவட்டத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்தான். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். மலையாளத்துக்கும் அவர்களுக்கும் அந்தச் சொல் பொது. போகட்டும்.

செடி சும்மா நிற்கவில்லை என்பதுதான் இதில் விஷயம். மீன் அம்மோனியாவை வெளியே விடுகிறது. மண்ணிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும், ஆகவே தண்ணீரை மாற்று என்பது வழக்கமான பாடம். வெறும் கல்லும் பிளாஸ்டிக் அரண்மனையும் போட்ட தொட்டிக்கு அந்தப் பாடம் பொருந்தும். உயிருள்ள செடி அந்த வரிசை முடியட்டும் என்று கைகட்டி நிற்பதில்லை. நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முந்தி எடுத்துக்கொள்ளும். மீனின் கழிவு இலையாகிவிடும். வளர்ந்த இலையை நறுக்கி வெளியே போடும்போது அந்தக் கழிவைத்தான் மூட்டை கட்டி வெளியே அனுப்புகிறோம். கத்தரிக்கோல் செய்கிற வேலையைக் கொண்டுபோய் ரப்பர் குழாயிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதை அண்ணாச்சி கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனையும் ஒரு வாலிஸ்னேரியாவையும் விட்டுப் பார்த்தார். அழுகிய இலை தண்ணீரைக் கலக்கியது. தண்ணீரை மாற்ற ஓடவில்லை மனிதர். இலையைத் தின்பதற்கு நத்தையை விட்டார். சரியாகிவிட்டது. அதைக் கட்டுரையாக எழுதி அங்குள்ள வேதியியல் சங்கத்தின் இதழிலும் வெளியிட்டார். வாலிஸ்னேரியா, மீன், நத்தை. சாலைத் தெருவில் இருப்பதும் அதே மூன்றுதான். வாரிங்டன் பெயரை அண்ணாச்சி கேள்விப்பட்டதில்லை. வாரிங்டனுக்கு ஜாக்கெட் தைக்கத் தெரிந்திருக்காது.

அப்படியானால் ஐம்பது? அது வந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் டாம் பார் என்பவர் செடித்தொட்டிகளுக்கு உரம் போட ஒரு முறை வகுத்தார். எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் என்று பெயர். கண் கூசும் விளக்கு, சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு, வாரத்தில் பல தடவை பொட்டாசியம் நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு, இன்னபிற. செடி எவ்வளவு தின்னும் என்று அளந்துகொண்டிருக்காதே, தாராளமாகவே போடு. மிஞ்சியது சேர்ந்துவிடாமல் வாரக்கடைசியில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி தொடங்கு. அந்த முறைக்கு அது சரியான முறைதான். ஐம்பதின் வேலை மீனின் கழிவைக் கழுவுவது அல்ல, நாமே கொட்டிய உரத்தில் மிச்சத்தைக் கழுவுவது என்பதைக் கவனியுங்கள். அக்கா மகனிடம் சிலிண்டர் இல்லை. உரம் ஒரு சிட்டிகை போட்டதில்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் கழுவுகிறான். பந்தியே போடாத வீட்டில் எச்சிலை எடுக்கிறான்.

இன்னொரு குரு தகாஷி அமானோ. ஜப்பான்காரர், 1954-இல் பிறந்து 2015-இல் மறைந்தவர், புகைப்படக் கலைஞர். 1982-இல் அவர் தொடங்கிய அக்வா டிசைன் அமானோ நிறுவனத்தின் தொட்டிகளைப் பார்த்துத்தான் உலகமே கண்ணாடிப் பெட்டிக்குள் மலையும் காடும் வைக்கப் புறப்பட்டது. அவர்கள் விற்கும் மண்ணிலேயே சத்து அடைத்திருக்கும். முதல் சில வாரங்கள் அம்மோனியா கசியும். ஆகவே அந்த நாட்களில் அடிக்கடி மாற்றத்தான் வேண்டும். அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அமானோவின் படம் நம் ஊர்க் கூடங்களுக்கு வந்து சேர்ந்தது, அவர் சொன்ன "முதல் சில வாரங்கள்" மட்டும் வழியிலே எங்கோ விழுந்துவிட்டது. நாம் அதை ஆயுள் தண்டனையாக்கிவிட்டோம்.

டயானா வால்ஸ்டட் என்று அமெரிக்காவிலேயே ஓர் அம்மாள் இருக்கிறார், நுண்ணுயிரியல் படித்தவர். செடித்தொட்டியின் சூழலியலைப் பற்றி 1999-இல் ஒரு புத்தகமே எழுதினார். தோட்டத்து மண், மேலே மணல், முதல் நாளிலேயே நெருக்கமாகச் செடி, ஜன்னல் வெளிச்சம், மாதக்கணக்கில் மாற்றாத தண்ணீர். மீன் கடையில் யாரும் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எப்படிச் சொல்வார்கள்? அவர் முறையில் கடைக்காரர் விற்பதற்கு ஒன்றுமே இல்லையே.

கணக்குப் போட்டு மடக்குகிறவர்களும் உண்டு. வாரத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 50 சதவீதம் மாற்றினால் அது 20-ஐத் தாண்டாது, 10 சதவீதம் மட்டும் மாற்றினால் ஏறிக்கொண்டே போய் 100-ஐ நெருங்கும். காகிதத்தில் எழுதிக் காட்டுவார்கள். கணக்கில் பிழையே இல்லை. அந்தக் கணக்கில் ஒரு செடிகூட இல்லை, அதுதான் கோளாறு. செடித்தொட்டிக்குக் கணக்குப் போடும்போது செடியை விட்டுவிடுவது, கல்யாணச் செலவைக் கணக்குப் போடும்போது சாப்பாட்டை விட்டுவிடுகிற மாதிரி. அண்ணாச்சியின் தொட்டியில் நானே சொட்டுமருந்துக் குப்பிகளைக் கொண்டுபோய் நைட்ரேட் சோதனை செய்து பார்த்தேன். தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. மஞ்சள் என்றால் பூஜ்யம். ஆறு வருடம், பூஜ்யம். வாரம் 10 என்றவர்கள் 300 வாரத்தைப் பெருக்கிக்கொள்ளட்டும்.

அந்த ஒன்பது மீன்களுக்கு வருகிறேன். குடிநீரில் குழாய் வாயில்கூட லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரக்கணக்கு. நமக்கு நல்லது. மீனின் செவுளைச் சுட அதைவிடக் குறைவே போதும். கைக்கு வந்தபடி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கலக்கிய லாரித் தண்ணீரில் எவ்வளவு இருந்ததோ. இது ஒன்று. ஆறு மாதம் ஓடிய தொட்டியில் தண்ணீர் மெல்லப் புளிப்பேறியிருக்கும். அந்தப் புளிப்பில் அம்மோனியா, அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும்; மீனுக்குத் தொல்லையில்லை. காரமான புதுத் தண்ணீர் பாதிக்குப் பாதி வந்து விழுந்தால் அடங்கிக் கிடந்தது மறுபடி நஞ்சாக எழும். இது இரண்டு. எது கொன்றது என்று பிரேதப் பரிசோதனை செய்ய நான் ஆள் இல்லை. ஆனால் இரண்டுமே பத்து லிட்டர் மாற்றியிருந்தால் இந்த வேகத்தில் நடந்திருக்காது. ஒன்றுமே மாற்றாமல் தூங்கியிருந்தால் நடந்தேயிருக்காது.

"ஆனா மாமா, மாத்தினதும் செடியெல்லாம் முத்து முத்தா குமிழி விடும். அதுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" என்றான் அந்தச் சோகத்திலும். அழுத்தத்தோடு குழாயில் வரும் தண்ணீரில் காற்று கூடுதலாகக் கரைந்திருக்கும். தொட்டிக்கு வந்ததும் இலையில் ஒட்டிக்கொண்டு குமிழியாக வெளியேறும். புதுத் தண்ணீரில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் இருக்கும், செடி அதைச் சாப்பிட்டு ஓரிரு மணி நேரம் துள்ளும். அவ்வளவே. சோடாப் புட்டியைத் திறந்தாலும்தான் குமிழி வருகிறது. சோடாவுக்குச் சந்தோஷம் என்று யாராவது சொல்கிறோமா?

2024 செப்டம்பர் இந்த ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. நாகர்கோவில் ரயில்பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலைக்காகக் குடிநீர்க் குழாயை இடம் மாற்றப் போனார்கள். இரண்டு நாள் என்றது இழுத்துக்கொண்டே போயிற்று. நகரத்தில் 40-க்கும் மேற்பட்ட வார்டுகளில் குழாய் காற்றைக் கக்கியது. 9-ஆம் தேதி பள்ளிகளுக்கு விடுமுறையே விட்டார்கள். ஓணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய அந்த வாரத்தில், என் தெருவில் ஒருவர் 20 லிட்டர் கேன் ஐந்தை விலைக்கு வாங்கினார். வீட்டில் குளித்து இரண்டு நாள். ஐந்து கேனும் மீன்தொட்டிக்குப் போயிற்று, ஏனென்றால் அன்று ஞாயிற்றுக்கிழமை. சாலைத் தெருவில் அண்ணாச்சியோ தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓணத் துணி தைத்துக்கொண்டிருந்தார். கப்பி குட்டி போட்டிருந்தது.

1933-இல் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு வந்து திறந்துவைத்த நாளிலிருந்து, அருவிக்கரையில் கரமனையாற்றை மறித்துத்தான் இந்த ஊர் குடிக்கிறது. அது போதாமல் 1983-இல் மேலே பேப்பாறை அணை வந்தது. அகத்தியமலைப் பக்கத்துக் காட்டு ஓடையில் தொடங்கி, அணையில் தேங்கி, படிகாரம் போட்டுத் தெளிந்து, மணலில் வடிந்து, மேட்டுக்கு ஏறி, மாடித் தொட்டிக்குப் போய், அங்கிருந்து நாலாவது மாடிக் கூடத்தில் ஒரு வாரம் மீனோடு இருந்துவிட்டு, பால்கனி வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டக்காரர்களின் கணக்கு. வாரம் 90 என்றால் வருடத்துக்கு 4,680 லிட்டர். ஓர் ஆளுக்கு ஒரு மாதத் தண்ணீர், அதற்கு மேலேயும்.

சாக்கடை என்றதும் இன்னொரு எரிச்சல். தண்ணீரை உறிஞ்சும்போது நறுக்கிய செடியும் கூடவே போகும். "செடிதானே, மண்ணோட மண்ணாயிடும்" என்பார்கள். கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் 2020-இல் நீர்நிலை முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்துக் கிடந்ததே, செல்ஃபி எடுக்கக் கூட்டம் கூட்டமாக வண்டி கட்டிக்கொண்டு போனார்களே, அது நம் ஊர்த் தாமரை இல்லை. தென்னமெரிக்க கபோம்பா, மீன்தொட்டிச் செடி. நம் சாக்கை கால்வாயில் உடம்பெல்லாம் கவசம் போட்டுக்கொண்டு திரிகிற சக்கர் மீனும் எவரோ ஒருவர் கூடத்தில் "கண்ணாடி துடைக்கட்டும்" என்று வாங்கி, ஒரு சாண் வளர்ந்ததும் வெளியே விட்டதுதான். 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அமேசானின் அராபைமா வலையில் விழுந்தது. சொந்த ஆற்று மீன் கதையோ நேர்மாறு. 1865-இல் ஃபிரான்சிஸ் டே மதராஸ் கவர்னர் டெனிசன் பெயரைச் சூட்டிய செங்கணியான், 'மிஸ் கேரளா' என்ற பெயரில் கண்ணாடிக்குள் போய் ஆற்றில் அருகிவிட்டது. வெளிநாட்டு மீன் ஆற்றில், ஆற்று மீன் கூடத்தில். இதற்கு நடுவில் தண்ணீரை மட்டும் வாரம் தவறாமல் மாற்றுகிறோம்.

வாஸ்து மீனைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. இரண்டடித் தொட்டியில் திரும்ப இடமில்லாத அரவானா. அது செத்தால், வீட்டுக்கு வந்த கண்ணேறை மீன் வாங்கிக்கொண்டது என்று இனிப்புக் கொடுக்கிறார்கள். பிறகு இருக்கவே இருக்கிறது நீலக் குப்பி. குளோரினைப் போக்குவதற்கு அது போதும் என்று சின்னப் புட்டியைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். அந்தக் காலத்து போட்டோ ஸ்டூடியோக்காரரைக் கேளுங்கள், ஹைப்போ என்று சொல்லி ஒரு பொட்டலம் தருவார். சோடியம் தயோசல்பேட். குளோரினுக்கு அந்தப் படிகம் இரண்டு போதும். தண்ணீரை மாற்றச் சொல்வதும் கடை, மாற்றினால் சாகாமலிருக்க மருந்து விற்பதும் கடை, மருந்தை மீறிச் செத்தால் புது மீன் விற்பதும் கடை.

சென்னையிலிருந்து ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். போர்வெல் தண்ணீரை வற்ற வற்ற ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது என்றார். ஒப்புக்கொள்கிறேன். அவர் வழக்கு உப்பு வழக்கு. என்னுடையது மலையிலிருந்து இறங்குகிற மென்மையான தண்ணீர், இடவப்பாதிக்கும் துலாவர்ஷத்துக்கும் மாடியில் இலவசமாக விழுகிற மழை. இன்னொருவர் உள்ளூர்க்காரர், பத்மதீர்த்தத்தையே எடுத்துக்கொண்டு வந்தார். ராஜா காலத்தில் கிள்ளியாற்றிலிருந்து கொச்சாறு வெட்டிக் குளத்துக்குப் புதுத் தண்ணீர் விட்டார்களே, பத்மநாபசுவாமிக்கே தண்ணீர் மாற்றம் தேவைப்பட்டதே என்றார். ஊரே முங்கிக் குளித்த குளம் ஐயா அது. உங்கள் தொட்டியில் யார் குளிக்கிறார்கள்?

திங்கட்கிழமை மாலை அக்கா மகனை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு சாலைத் தெருவுக்குப் போனேன். வாயால் சொல்லி அலுத்துவிட்டது, கண்ணால் பார்க்கட்டும் என்றுதான். தொட்டிக்கு முன்னால் அவனை நிறுத்தினேன். "பார். ஆறு வருஷம். ஒரு சொட்டு மாத்தினதில்ல." அவன் குனிந்து பார்த்தான். வாலிஸ்னேரியாவுக்கு நடுவில் கப்பிகள் போய்வந்துகொண்டிருந்தன. எனக்கு, என் தொட்டியைக் காட்டுகிற பெருமை.

அண்ணாச்சி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். ஆணியில் தொங்கிய சின்னச் செம்பை எடுத்துத் தொட்டிக்குள் விட்டு நிறைய மொண்டார். வாசலுக்குப் போய், பெயின்ட் வாளியில் நின்ற கறிவேப்பிலைக் கன்றுக்கு அதை ஊற்றினார். திரும்பி வந்து, மூலையில் மூடிவைத்திருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்துத் தொட்டியில் விட்டார். செம்பை ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்தார்.

"தினமும் ஊத்துவீங்களா அண்ணாச்சி?" என்றான் பயல்.

"காலத்த ஒரு செம்பு, அந்திக்கு ஒரு செம்பு. மீன் வெள்ளம் பாத்துக்க, கறிவேப்பிலை என்னமா வருது."

பயல் போனை எடுத்துவிட்டான். "அரை லிட்டர் செம்பு. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். வாரம் ஏழு. அறுபதுல ஏழு..." தட்டினான். "மாமா, பதினொண்ணு புள்ளி ஆறு பெர்சென்ட்."

அது தண்ணீர் மாற்றுவது இல்லை, கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடுவது என்று சொன்னேன். இரண்டும் வேறு வேறு என்றும் சொன்னேன்.

"ஆமா, கறிவேப்பிலைக்குத்தான். பின்ன?" என்றார் அண்ணாச்சி, தலை நிமிராமல்.

பயல் சிரித்துக்கொண்டே தொட்டியைப் படமெடுத்தான். நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன்.